மூடிக்கு அடியில் ஜூலை

பிப்ரவரி, இரவு ஒன்றரை மணி.
திரையில் எண்கள் விழித்திருக்கின்றன:
குளத்தின் மேல்மட்டம் அறுபத்தொன்று,
நடுவில் நாற்பத்தைந்து,
அடியில் முப்பத்திரண்டு.
கிணறு எப்போதும்போல் எழுபது.

குளம் என்றால் குளிக்க முடியாத குளம்.
சரளைக்கல் தோண்டிய பழைய குழியில்
கறுப்புத் தாள் விரித்து, நீர் நிரப்பி,
வானத்தைப் பார்க்காதபடி மூடி போட்டது.
மூடிமேல் மழை தேங்கினால்
கடற்காகங்கள் அதையே குளமென்று நம்பி இறங்கும்.
கால் சுடாது.
சுட்டால் என் வேலை சரியில்லை என்று பொருள்.

பார்லி விளைந்த சரிவில்
வரிசை வரிசையாய் நிற்கும் தகடுகள்
கோடை முழுக்க வெயிலைக் குடித்து இதில் உமிழ்ந்தன.
யாருக்கும் வேண்டாத வெயில் அது.
ஊரே சன்னலைத் திறந்துபோட்டுவிட்டு
ஃபியோர்டுக் கரையில் படுத்துக் கிடந்தது.
நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து
பாகை பாகையாய்ச் சேர்த்தேன்.
எறும்பு மாதிரி என்று சொல்லமாட்டேன்,
எறும்புக்கு மாதச் சம்பளம் கிடையாது.
இங்கே போட்டுவைப்பது எதுவும் வட்டி ஈனாது.
கசிவு போக
மிஞ்சுவதுதான் மார்கழிக்கு.

தொலைபேசி.
வடக்குத் தெருவின் கடைசி வீடு, தோர்கில்ட்.
"ரெகிட்சே, உன் ஜூலை தீந்துபோச்சு போல.
ரேடியேட்டர் செத்துக் கிடக்கு."

பழைய கொதிகலனுக்கு முப்பது வருஷம்
வைக்கோல் கட்டு விற்றவர்.
கூட்டுறவுக் கூட்டத்தில்
இருநூற்றுப் பதினாறு கைகள் உயர்ந்தபோது
மடியிலேயே கிடந்தன பதினொன்று.
கையுறை கழற்றாத ஒன்று அவருடையது.
"வெயிலப் பொதச்சு வச்சு
எவனாவது தோண்டி எடுத்திருக்கானா?"
சிரித்தோம்.
சிரித்திருக்க வேண்டாம்.

திரையில் அவர் வீட்டுக்கு நேரே பூஜ்யம்.
இன்று மட்டுமல்ல,
அக்டோபரிலிருந்தே பூஜ்யம்.
"வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

தெருவுக்கு அடியில் இரட்டைக் குழாய்.
சூடாய்ப் போவது ஒன்று, ஆறித் திரும்புவது ஒன்று,
பேச்சு நின்றுபோன தம்பதி போல
பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்.
அவற்றின் மேலேயே வேனை ஓட்டிப் போனேன்.
அங்கே மட்டும் பனி
கொஞ்சம் மெல்லியதாய் இருப்பதுபோல் ஒரு எண்ணம்.

கீழறை. இரும்பு அடுப்பில் சாம்பல்.
தரையெல்லாம் வைக்கோல் தூசு,
கட்டு ஒன்றுகூட இல்லை.
சுவரில் சிவப்புப் பிடி,
குழாய் பதித்தவர்கள் மாட்டிய சீட்டு
கிழியாமல் அதன் கழுத்தில்.

நான் அடுப்பைப் பார்க்கவில்லை.
அவர் சீட்டைப் பார்க்கவில்லை.
"பிடி இறுகிப்போயிருக்கு" என்றேன்.
"ஆமா, இறுகிடுச்சு" என்றார்.
கால் சுற்றுத் திருப்பினேன்.

முதலில் ஒரு முனகல்.
பிறகு காற்று, குமிழி,
பிறகு டிக், டிக்கென்று
இரும்பு தன் உடம்பை நீட்டிக்கொண்டது.
வெகுநேரம் கழித்து
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தார்.

"இது எந்தத் தேதி வெயில்?"

தெரியாது என்றேன்.
குளத்தில் தேதிகள் கலந்துபோய்விடும்.
தவிர, இதில் பாதி வெயிலே இல்லை.
இரண்டு கிலோமீட்டர் கீழே
மணற்பாறைக்குள் கிடக்கும் உப்புத் தண்ணீர்
ஆயுளில் சூரியனைப் பார்க்காதது.
மேலே வந்து சூட்டை மட்டும் கைமாற்றிவிட்டு
காப்பி குடிக்கக்கூட நிற்காமல்
வந்த ஆழத்துக்கே இறங்கிவிடும்.

"மீதிப் பாதி?"

"நீங்க வித்த சரிவுல விழுந்தது."

யோசித்தார்.
அடுப்புச் சாம்பலைக் காலால் ஓரம் தள்ளினார்.
"அப்ப அது என் வைக்கோல்தான்."

மறுக்க எனக்கு என்ன கணக்கு இருக்கிறது?

திரும்பி வந்தபோது மணி நான்கு.
அவர் வீட்டுக்கு நேரே பூஜ்யம் போய் மூன்று.
குளத்தின் அடி முப்பத்தொன்றரை.
விடிய இன்னும் மூன்றரை மணி நேரம்.
விடிந்ததும் மழையாம்.
கடற்காகங்களை எழுப்பிவிட்டு
மூடிமேல் பம்ப் வைக்க வேண்டும்.