காற்று பிரிதல்

ஐந்து நாளும் எல்லோருக்கும்
என்னிடம் ஒரே கேள்வி.
காற்று பிரிந்ததா, மிர்த்தா?
அறுத்தவர் கேட்டார். ரத்தம் எடுக்க வந்தவள் கேட்டாள்.
தரை துடைத்தவரும்
வாளியைத் தள்ளிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
மகெல்லன் நீரிணை முழுக்கக் காற்று,
குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டு.
எனக்குள் மட்டும் ஓர் இலை அசையவில்லை.

ஆறாம் நாள் விடியலில்
வயிற்றின் வலப்பக்கம் திறந்துவைத்த புது வாயில்
சின்னதாய் ஒரு குமிழ்.
அறுபத்தோரு வயதுக்காரியை
இதற்காகக் கைதட்டிப் பாராட்டினார்கள்.

போர்வெனீருக்குப் படகு, இரண்டு மணி நேரம்.
இருபத்தேழு உலோகத் தையலுக்கு மேல்
தலையணையை அழுத்திப் பிடித்திருந்தேன்.
இதே படகில் பத்தொன்பது வருடம் டிக்கெட் கிழித்தவள்,
குமட்டுகிறவர்களைத் தேடிப்போய்
பை கொடுத்தவள் நான்.
ஒவ்வோர் அலைக்கும்
தொப்புளுக்குக் கீழே யாரோ ஜிப்பை இழுத்தார்கள்.

வீட்டில் சட்டங்கள்.
இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
எங்கள் பூனை கபோ நாலரை.
சட்டம் தெரியாமல் காலடியில் நின்று கத்துகிறது.
சோளம் கூடாது, காளான் கூடாது,
விதைக்காகக் கலாஃபாத்தே ஜாமும் கூடாது.
வெள்ளைச் சோறு. மறுபடி வெள்ளைச் சோறு.
உப்பு மட்டும் தாராளமாக என்றார்கள்,
யெர்கோ அதை மட்டும் மறந்துவிடுகிறார்.

ரோஜா மொட்டு என்று சொல்லி அனுப்பினார்கள் அதை.
பொய்.
வெந்த நண்டோட்டின் சிவப்பு, எப்போதும் ஈரம்.
தொட்டால் வலிக்காது. அதுதான் பயம்,
என் சதை, எனக்கு வலிக்கவில்லை.
சிலர் பெயர் வைத்துக் கூப்பிடுவார்களாம்.
நாலு மாதத்தில் உள்ளே திருப்பிவிடுவோம் என்றிருக்கிறார்கள்.
நாலு மாத விருந்தாளிக்கு எதற்குப் பெயர்?

யெர்கோ பார்ப்பதில்லை.
செம்மறியைக் கண் இமைக்காமல் உரிக்கிறவர்,
நான் பை மாற்றும் நேரத்துக்குச் சரியாக
கேஸ் குழாயைச் சோதிக்கப் போய்விடுவார்.
இந்தத் தீவிலேயே
இவ்வளவு பாதுகாப்பான கேஸ் குழாய் வேறு யாரிடமும் இல்லை.

பதினோராம் இரவு, மூன்று மணி.
ஏதோ வெதுவெதுப்பு. கனவென்று நினைத்தேன்.
பிறகு வாடை.
ஒட்டின விளிம்பு விட்டுப்போய்
நைட்டி, விரிப்பு, மெத்தை வரைக்கும்.
நான் அசையவில்லை. எழுந்தால்
இது நடந்ததாகிவிடும்.

விளக்கு எரிந்தது.
அவர் ஒன்றும் சொல்லாமல் வாளி கொண்டுவந்தார்.
ஈன்ற ஆட்டைத் திருப்புவதுபோல்
தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.
வெந்நீரில் பிழிந்த துணி.
முதல்முறையாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.
அது அந்த நேரம் பார்த்து
நீளமாக, கூச்சமே இல்லாமல்
காற்றைப் பிரித்தது.

"உன் அண்ணன் பேசுகிற மாதிரியே இருக்கிறது" என்றார்.

சிரிக்கக் கூடாது, தையல்.
தலையணை, தலையணை என்று கத்தினேன்.
அவர் தேடி எடுப்பதற்குள் சிரித்துத் தொலைத்தேன்.
கண்ணீர் வந்தது. அதில் வலி எவ்வளவு என்று
இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்தோறும் அக்கரையிலிருந்து
செவிலி ஹசிந்தா அழைக்கிறாள்.
எத்தனை மில்லி? சொன்னேன்.
சுற்றுத்தோல்? கொஞ்சம் சிவப்பு.
காற்று எப்படி?
ஜன்னலைப் பார்த்தேன்.
தொண்ணூறு கிலோமீட்டர், மேற்கிலிருந்து, படகை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.
அந்தப்பக்கம் கொஞ்சநேரம் சத்தமே இல்லை.

மதியம் ரொட்டிக்கடை வரை போனேன்.
அரை கிலோ ரொட்டி, சட்டத்துக்கு உட்பட்டது.
பெருங்காற்று நாளில் பிடித்து நடக்க
நடைபாதையோரம் கயிறு கட்டியிருக்கும்.
இந்த ஊரில் பிறந்தவள், அதைத் தொட்டதில்லை.
வெளியூர்க்காரர்களுக்கு என்று இளக்காரம்.
இன்று பிடித்தேன், இரண்டு கையாலும்.
மேலங்கிக்குள் பை லேசாக உப்பியிருந்தது.
எதிர்முனையிலிருந்து அதே கயிற்றில்
தபால்காரர் தோமிஸ்லாவ் வந்துகொண்டிருந்தார்.
யார் கையெடுத்து வழி விடுவது என்று தெரியாமல்
முகத்துக்கு முகம் நின்றோம்.
அவருடைய தொப்பி போயிற்று.