ஏழாம் மைல் வாலிபர் சங்கம்: வரவு செலவு

வாலிபர் சங்கம் என்று பெயர்.
இருக்கிற பதினேழு பேரில்
பத்துப் பேருக்கு மூட்டுவலி.
நான் பொருளாளர்,
எனக்குக் கழுத்து மட்டும்.

மண்டபத்தின் நெற்றியில் ஒரு தேக்குப் பலகை:
‘1927. அருப்புக் கூலியில் ஆளுக்கு அரைக்கூடை நெல்.’
செதுக்கியவன் சின்ன ரு போட்டுவிட்டான்.
திருத்தலாமா என்று கூட்டத்தில் கேள்வி வந்து
கை தூக்கச் சொன்னோம்.
அருப்பே ஜெயித்தது.

கூரையில் ஓட்டை பதினொன்று.
ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு.
மணவறைக்கு நேர்மேலே மாப்பிள்ளை ஓட்டை.
ராஜபார்ட் நிற்கும் இடத்தில் ஒன்று,
போன ஆவணியில் அவர்
குடை பிடித்தபடியே நாடாண்டார்.

தச்சர் சோ ஏ வா வந்தார். கரேன்காரர்.
தமிழில் எண்ண மட்டும் தெரியும்.
சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்,
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு, ஐந்து.
ஆறாவது தூணில் எண்ணவில்லை.
காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார்.
உள்ளே
எங்கோ தள்ளி மழை பெய்கிற சத்தம்.
கறையான்.

தகரம் நாற்பது, ஆணி ஆறு வீசை, தூண் ஒன்று.
மொத்தத்தை வாசித்ததும்
தலைவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.
கரண்டே இல்லை.

டோ கின் மே மொய்ங்கா காய்ச்சி விற்றார்.
டீக்கடை அலாவுதீன் ஒரு நாள் வசூலைத் தந்தார்,
அன்று அவரே ஒன்பது டீ குடித்துக்
காசு போட்டிருந்தார் டப்பாவில்.
கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும்
கால்பந்து வைத்தோம்.
பந்து நாற்றங்காலுக்குள் போய்
செலவுக் கணக்கில் ஏறியது.

பிறகுதான் ஆடு.

கொடுத்தது வீரக்கண்ணு,
அரசாங்கக் காகிதத்தில் ஆங் தூ.
குலுக்கல் சீட்டு ஆயிரம் கியாட்.
முதலில் டோ கின் மேக்கு விழுந்தது.
‘எனக்கெதற்கு? மறுபடி போடுங்கள்.’
இரண்டாவது, டிரில் மாஸ்டர் செங்கேணிக்கு.
விடியுமுன் கொண்டுவந்து கட்டிவிட்டார்,
ஆறாம் வகுப்பின் விடைத்தாளில்
பாதியை அது தின்றிருந்தது.
மூன்றாவது,
நெல்மில் சன்னாசி.

ஒரே சீட்டு வாங்கியவர்.
அதற்கும் ரசீது கேட்டவர்.
ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்தார்,
ஒன்றும் பேசாமல் நடந்தார்.
நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.
பிரியாணிதான் என்றான் யாரோ.

மூன்றாம் நாள்
அறுந்த கயிற்றோடு ஆடு மட்டும்
மண்டபத்து வாசலில்.

நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
‘தங்காத ஆட்டுக்கு
நான் எப்படிச் சொந்தக்காரன்? போடு மறுபடி.’
பத்துச் சீட்டு வாங்கினார்.
பத்துக்கும் ரசீது.
அவர் வாங்கியதைப் பார்த்து
அக்கரை ஊரிலிருந்தெல்லாம் வாங்கினார்கள்.
தூண் வந்தது, மாட்டுவண்டியில்,
ஈரம் காயாத வாசனையோடு.

வைகாசியில் முதல் மழை.
யாரும் சொல்லி வைக்கவில்லை,
எல்லோரும் வந்திருந்தோம்.
அவரவர் ஓட்டைக்குக் கீழே
அவரவர் நின்றோம், முகத்தைத் தூக்கி.
புதுத் தகரத்தில் அடித்த அடியில்
பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை.
மாப்பிள்ளை ஓட்டைக்குக் கீழே
குப்பமுத்து வெகுநேரம் கையை நீட்டியிருந்தான்,
பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டான்
நனையாத கையை.

இரவு கணக்கை முடித்தேன்.
நாலாம் குலுக்கலில் பரிசு விழுந்தது
விற்காமல் போன சீட்டுக்கு,
அதாவது சங்கத்துக்கு.
எந்தப் பத்தியில் எழுதுவது என்று
தெரியவில்லை. எழுதினேன்:

கையிருப்பு
இருநூறு கியாட்.
வளைந்த ஆணி, ஒரு டப்பா.
ஆடு ஒன்று,
ஆறாவது தூணில் கட்டியிருக்கிறது.
இழுத்துப் பார்க்கிறது.
தூண் அசையவில்லை.