பொடிக்குழி

பண்டாரவளை ஆஸ்பத்திரி, மேல்மாடி.
தொடர்கல்வி, இரண்டு நாள், ஆறு புள்ளி.
மேல் அவயவம்: அமைப்பும் அசைவும்.
பதுளையிலிருந்து நால்வர், தியத்தலாவையிலிருந்து ஒருவர்,
டிக்கோயாவிலிருந்து நான்,
விடியுமுன் பஸ் ஏறி, காலுறை நனைந்து.

பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் மணிக்கட்டில்
எட்டு என்புகளில் ஒன்று தொலைந்து
அந்த இடத்தில் ஒரு கொண்டைக்கடலை ஒட்டியிருந்தது.
டொக்டர் ஹிமாலி அதைச் சிங்களத்தில் சொன்னார்,
எங்களுக்காகத் தமிழிலும்.
தமிழில் கடலை என்பு கடல் என்பு ஆனது.
அதற்குத்தான் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு கரண்ட் போனது.
திரையில் இருந்த தசைகள் எல்லாம் போயின.
"சரி, ஒருவர் கையில் ஒருவர் வரையுங்கள்.
சிவப்பு தசைக்கு, நீலம் நரம்புக்கு."

என் முன்கையை நில்மினி எடுத்துக்கொண்டாள்.
ஆரையின் ஓரமாய் ஒரு சிவப்புக் கோடு,
குளிர்ந்த பேனா, கூச்சம்.
பெருவிரலை உயர்த்து என்றாள்.
உயர்த்தினேன்.
மணிக்கட்டின் கரையில் நாண்கள் எழுந்தன,
நடுவே ஒரு பள்ளம்.

பொடிக்குழி.
மூக்குப்பொடியை அதில் கொட்டித்தான் இழுப்பார்களாம்.
இருபது வயதில் பரீட்சைக்குப் பாடமாக்கியது:
எல்லைகள், தளம், ஊடே ஓடும் நாடி.
பதினொரு வருடமாய் அந்தப் பள்ளத்தங்கரையில்தான்
என் பிழைப்பு.
திங்கட்கிழமை வாங்கில் வந்து உட்காரும் கைகளில்
பாதிக்கு அங்கேதான் நோவு.
அட்டையில் எழுதுவேன்:
பட்டி கட்டவும். வெந்நீர். மூன்று வாரம் ஓய்வு.
கடைசிச் சொல்லுக்கு வந்ததும்
அட்டையை மடித்துவிடுவார்கள்.
பேர் விழாத நாளுக்கு யார் பொறுப்பு என்று
ஒருத்தியும் என்னிடம் கேட்டதில்லை.

பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தது.
தட்டை வைக்கும்போது பவளராணி முகம் சுளித்தாள்,
ஒரு கணம்தான்.
ஆறு பிசியோ, பன்னிரண்டு கண்.
பெருவிரலை உள்ளே வைத்து மூடச் சொல்லி
டொக்டர் அவள் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார்.
அம்மா என்றாள், சத்தமில்லாமல், வாய் மட்டும்.
சோதனை நேர்மறை என்று எழுதிக்கொண்டோம்.

"முன்னம் மலையில வேலையா?" நான்தான் கேட்டேன்.
"ஒம்பது வருசம். பூனாகலைப் பக்கம்."
எனக்குத் தெரிந்த விஷயம். எழுந்துபோய் பலகையில் எழுதினேன்:
கொழுந்து கிள்ளுதல், நுனிப்பிடி,
பெருவிரலும் ஆட்காட்டி விரலும்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
"கிள்ளினா கணக்கப்பிள்ளை ஏசுவாரு மிஸ்.
நகம் பட்டா கருத்துப்போகும். ஒடிக்கணும்."
காற்றில் ஒடித்தாள், டக் டக் டக்.
"இதுல நோவு இல்ல."
பிறகு நிறைந்த பிடியைத் தோளுக்கு மேலாய்
இல்லாத கூடைக்கு எறிந்தாள், திரும்பிப் பாராமலே.
"இதுலதான்."

மணிக்கட்டு பின்னால் மடிய, பெருவிரல் விரிய,
இரண்டு நாணும் ஒரே உறைக்குள் உரச.
நாளைக்கு எத்தனை தரம் என்றார் டொக்டர்.
"கிலோவத்தான் எண்ணுவாங்க.
எறியிறத யாரு எண்ணுனா?"

என் மேசையில் பிடியை அளக்க ஒரு கருவி உண்டு,
முள்ளும் கண்ணாடியும் வைத்து.
விடுதலை அளக்க எதுவும் இல்லை.
பலகையில் எழுதியதை உள்ளங்கையால் அழித்தேன்.

பட்டி கட்டிவிட்டோம்.
ஓய்வு என்று யாரும் சொல்லவில்லை. கோப்பைகள் கிடந்தன.
தியத்தலாவைக்காரர் எழுந்து, கையில் வரைந்த நரம்போடு,
அவற்றைக் கழுவப் போனார்.

மறுநாள் சான்றிதழில் என் பேரை
ஓர் எழுத்து மாற்றி அடித்திருந்தார்கள்.
பஸ்ஸில் கொண்டக்டர் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு
மிச்சக் காசை மெதுவாய் வைத்தார், காயம் என்று நினைத்து.
நானுஓயா தாண்டி மழை. கண்ணாடிக்கு அப்பால் மலை
வெறும் பச்சை ஈரம்.
யாரும் பார்க்கவில்லை என்று
ஒருமுறை எறிந்து பார்த்தேன், தோளுக்கு மேலாய்.

பின்சீட்டில் இருந்தவர் குனிந்து தேடினார்,
என்ன விழுந்தது என்று.