வியாழக்கிழமை என் முறை

வியாழன் மதியம் துடைப்பம் என்னுடையது.
வகுப்பின் பின்சுவரில் அட்டவணை;
பக்கத்திலேயே கணிதத் தேர்வுத் தேதி.
தேதிக்காகத்தான் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா தேதியைப் பார்க்கவில்லை.
சாங்கியில் விமானச் சாப்பாடு அடுக்குகிறவள்,
வேலையில் கைபேசியைத் தொடக்கூடாதவள்,
கையுறையைக் கழற்றிவிட்டு அழைத்தாள்:
"உன் பேர யாரு அதுல போட்டா?"

எல்லார் பேரும் இருக்கும்மா.
"எல்லாருன்னா?"
வெய் ஜியே. நூருல் ஹூடா. கெவின். பிரணிதா.
"பிரணிதாவுமா?"
பிரணிதா திங்கட்கிழமை.
"கக்கூஸு?"
அதுக்கு வேற ஆளு இருக்காங்கம்மா.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கன்வேயர் ஓடும் சத்தம் மட்டும்.

இரவு, ஈசூன் பதினோராம் மாடியில்
என் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி
என்னைப் பார்க்காமல் சொன்னாள்.
ஏழாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் அறிவியல்.
சார் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்,
"காலனி, ரெண்டு பேர் எழுந்திரு" என்பார்.
அவளும் பவுனும்.
ரெண்டு வாளி, அரை பாட்டில் பினாயில்,
தண்ணீர் வராத குழாய்.
உதவித்தொகை வரும் நாளிலும் அதே குரல்தான்:
எழுந்திரு.
நின்ற அரை நிமிஷத்தில்
அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.
பவுன் எட்டாம் வகுப்புக்கு வரவில்லை.
அம்மா வந்தாள்.
பினாயில் நாறுகிறது என்று
முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"உனக்கு அதெல்லாம் இல்ல" என்றாள்
காலரைத் திருப்பிப் போட்டு.
இங்கே படிவத்தில் இனம் என்றொரு கட்டம்;
இந்தியர் என்று எழுதினால் முடிந்தது
என்று நம்புகிறாள்.
கடன் வாங்கி, கடல் தாண்டி
அவள் வாங்கிய நம்பிக்கை.
நான் ஏன் உடைக்க வேண்டும்?

அதனால் சொல்லவில்லை,
அடுத்த புளோக்கில் டியூஷன் சுசீலா ஆன்ட்டி
முதல் நாள் ஊர் கேட்டதை.
ஊர் சொன்னேன்.
ஊரில் எந்தத் தெரு என்றார்.
தெருவையும் சொன்னேன், விவரம் தெரியாமல்.
குலசாமி யாரென்று கேட்கவில்லை;
அதற்குமேல் தேவைப்படவில்லை.
நாலு எவர்சில்வர் டம்ளரில் மைலோ வந்தது.
எனக்குக் காகிதக் கோப்பை,
யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சியது, பலூன் படம் போட்டது.
பலூன் அழகாயிருக்கிறது என்றுதான்
இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் வாரம் பிரணிதா
தன் டம்ளரையும் என் கோப்பையையும் பார்த்துவிட்டுச்
சட்டென்று புத்தகத்தைத் திறந்தாள்.

சுசீலா ஆன்ட்டி வருடம் இருமுறை சென்னைக்குப் பறக்கிறார்.
அம்மா அடுக்கிய தட்டில்
அம்மா மூடிவைத்த தயிர்சாதம்.
மேகத்துக்கு மேலே தெரு கிடையாது போல.

"ஒளிச்சேர்க்கை" என்றாள் அம்மா, திடீரென்று.
என்னம்மா?
"இலை வெயில வச்சு சோறாக்கும்.
அதுவரைக்கும் கேட்டேன்.
அப்பதான் எழுந்திருன்னாரு.
அப்புறம் என்னாகும்?"
அந்தச் சொல் எனக்குத் தமிழில் தெரியாது,
வெயிலும் சோறும் என்றதும் புரிந்தது.
கணிதத்தாளின் பின்பக்கம் இலை வரைந்து
அம்புக்குறி போட்டேன்.
இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
உட்கார்ந்தாள்.

இன்று திங்கள். பிரணிதா பெருக்குகிறாள்.
என் மேசைக்கடியில் வந்ததும்
"காலைக் கொஞ்சம் தூக்கேன்."
நான் உடனே தூக்கவில்லை.
அவள் ஏனென்று கேட்கவில்லை,
துடைப்பத்தோடு குனிந்தே நிற்கிறாள்,
காது சிவந்து.
பிறகு தூக்கினேன். தூசி போயிற்று.

நாளை டியூஷன்.
பையில் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்,
ஒரு எவர்சில்வர் டம்ளர்.
அடியில் புள்ளி புள்ளியாய்ப் பொறித்திருக்கிறது
மலர்க்கொடி என்று,
அம்மாவின் பெயர்.