நடுப் பள்ளம்

கடைக்குள் நுழைந்ததும் உருளையைத் திறந்து
ஆறு துளையும் காலிதான் என்று டாக்கெட் பார்த்தார்.
பிறகு நான் பார்த்தேன்.
பிறகு மறுபடி அவர்.
இருபது வருடப் பழக்கம் எங்களுக்கு,
இருந்தாலும் மூன்று முறை.

எல்கோ வெயிலில் ரப்பர்ப் பிடி வெடித்து
கோந்தாகக் கையில் ஒட்டத் தொடங்கியிருந்தது.
ஒரே ஒரு திருகு.
கழற்றியதும்
தோலுரித்த முயலாகக் கிடந்தது ரிவால்வர்:
எலும்பு, ஒரு வில்,
என் வியர்வை பூத்த துரு,
கொஞ்சம் மணல்,
ஒரு செம்பட்டை மயிர்.

"உன் நாயோடதா?" என்றார்.
"இருக்கலாம்" என்றேன்.

பச்சைத் துணியை விரித்து
செருப்புக் கடைக்காரர் மாதிரி
ஜோடி ஜோடியாக எடுத்து வைத்தார்.

ரோஸ்வுட். அழகுதான்.
ஈரச் சோப்பைப் பிடித்ததுபோல் இருந்தது.

கோகோபோலோ, புலி வரியோடு.
கிராம்பு மணம்.
"சிலருக்கு இது அரிக்கும்" என்றார்.
"எனக்கு அரிக்குமா என்று தெரிந்துகொள்ள
அறுபது டாலரா?"

மேப்பிள்.
என் மைத்துனி வீட்டு அடுப்படி அலமாரி.
அவள் வீட்டில் சாப்பிடுவதே போதும்,
அதைப் பிடித்துக்கொண்டு வேறு நிற்க வேண்டுமா.

அப்புறம் அந்த வால்நட்.
வைரம் பாய்ந்த கட்டை,
எண்ணெய் குடித்து இருண்டது,
விரல் பதிய மூன்று பள்ளம்.
பார்த்ததும் வாங்கிவிட்டேன், மனதுக்குள்.

என் வலக்கையில் நடுவிரல் இருக்கிறது,
சுண்டுவிரல் இருக்கிறது.
இடையில் இருந்ததை
வைக்கோல் கட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது,
போன கோடையில்,
ஒரு வியாழக்கிழமை,
சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோல்
உள்ளங்கை அந்த நடுப் பள்ளத்தையே
போய்ப் போய்த் தொட்டது.

"மரப்பசை வைத்து நிரப்பிவிடலாம்" என்றார் டாக்கெட்.
சொன்ன பிறகு அவர் காது சிவந்தது.
"எதை?" என்றேன்.
இருவரும் சிரித்தோம், அவர் சற்று அதிகமாக.

"வருடத்துக்கு எத்தனை தடவை சுடுவாய்?"
"பதினோரு வருடத்தில் நான்கு தோட்டா."
"அதற்கு ரப்பரே போதுமே."

நவம்பர்.
ஓடைக்குள் பிமியென்டா,
முன்கால் முறிந்து, எழ முயன்று முயன்று
பனியைச் சேறாக்கியிருந்தாள்.
கால்நடை மருத்துவர் வின்னமக்காவில்,
வர இரண்டு மணி நேரம்.
கட்டுப் பிரித்து மூன்று வாரமான கை.
சுடும்போது பிடி உள்ளங்கைக்குள் திரும்பியது.
கால் அங்குலம்.
கால் அங்குலம்தான்.
அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

இதை டாக்கெட்டிடம் சொல்லவில்லை.
மையாலெனிடமும் சொன்னதில்லை.

"பழைய இழுப்பறையில் ஒன்றும் இல்லையா?" என்றேன்.
துழாவி எடுத்தார்:
யாரோ விற்றுவிட்டுப் போனது,
அதுவும் வால்நட்தான், ஆனால் மெருகில்லை, பள்ளமில்லை,
ஒரு மூலை உடைந்திருந்தது,
மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி நிறம்.
பொருத்தித் திருகை இறுக்கினார்.

நான் பிடித்தேன்.
"குழலைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்."
திருப்பினார்.
"இன்னும்."
இரண்டு கையாலும் திருப்பினார்.
"இன்னும் பலமாக, ஆர்வில்."
அவர் கேட்க வாயெடுத்தார்,
என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல்
பல்லைக் கடித்துத் திருப்பினார்.
அது அசையவில்லை.

முப்பத்தைந்து டாலர்.
மூலை உடைந்ததற்கு ஐந்து கழித்தார்.

வண்டியைக் கிளப்பிய பிறகுதான்
அந்த மயிர் நினைவுக்கு வந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வாசலில் நின்று அவர்
பச்சைத் துணியை உதறிக்கொண்டிருந்தார்.
இறங்கிப் போயிருக்கலாம்.
எதைத் தேடுகிறாய் என்பார்.

வீட்டில் மையாலென்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்,
"என்ன மரம்?"
"வால்நட்."
"வெட்டாமல் விட்டிருந்தால் காய்த்துக்கொண்டிருக்கும்."
ஆமாம் என்றேன்.
உருளையைத் திறந்து, ஆறு துளையும் பார்த்து,
இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
உள்ளே போனபின் என்ன நிறமாயிருந்தால் என்ன.

அவள் கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:
"இனிமேல் ஒன்றே போதுமா?"

லாயத்துத் தாழ்ப்பாள் போட்டோமா என்று
பார்த்து வரப் போனேன்.