குறிப்புக் கட்டம்

செக்காலை ரோட்டு ஷோரூமில்
காப்பி மெஷினுக்கு மேலே ஓர் உலக வரைபடம்.
கம்பெனி போய்ச் சேர்ந்த நாட்டிலெல்லாம்
பொட்டளவு பச்சை விளக்கு.
அறுபத்து மூன்று எரிகின்றன.
பர்மா மட்டும் போன மழையில் அவிந்தது.
"அங்கே அவியறது எங்களுக்குப் புதுசா"
என்று சிரித்தார் மேனேஜர் சாத்தப்பன்.

பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள்
'எங்கள் விழுமியங்கள்'.
ஐந்து. முதலாவது: உயிரே முதன்மை.
அப்படின்னா என்னண்ணே என்றான்
வாட்டர்வாஷ் செபஸ்தி.
மதிப்பு மாதிரி ஒன்று என்றேன்.
"பழைய வண்டிக்குப் போடுவமே, அதா?"
அன்றிரவு அகராதியைத் தேடினேன்.
விழுமம்: சிறப்பு.
அடுத்த வரியில், அதே சொல்லுக்கு: துன்பம்.
செபஸ்தியிடம் முதல் வரியை மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது பட்டியல்.
உலகம் முழுக்கப் பதினொரு லட்சம் வண்டி,
எங்கள் பங்குக்கு முப்பத்தெட்டு.
ஏர்பேக்குக்குள்
புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று
ஈரக்காற்றில் கெட்டுப்போகிறதாம்.
'முன்னெச்சரிக்கையாக' என்ற சொல் ஆறு இடத்தில்.

ஒவ்வொரு நம்பராக அடித்தேன்.
பள்ளத்தூர் டாக்டர் நாளைக்கே வருகிறார்.
கானாடுகாத்தான் வண்டி
உறை போட்டு நிற்கிறது மூன்று வருடமாய்;
ஓனர் பினாங்கில், சாவி காவல்காரரிடம்,
காவல்காரருக்கு ஓட்டத் தெரியாது.
புதுவயல் ரைஸ்மில்காரர்
இலவசமா என்று மூன்று தரம் கேட்டுவிட்டு
"அப்ப என்னமோ இருக்கு" என்று வைத்துவிட்டார்.

இருபத்தொன்பது, தேவகோட்டை ரஸ்தா.
எடுத்தது ஒரு பெண்குரல்.
சொல்லச் சொன்னதை அச்சுப் பிசகாமல் சொன்னேன்.
முடிகிறவரை கேட்டார்.
"ஆவணியில, திருமயம் வளைவுல.
சின்ன இடிதான் தம்பி, லைட்டுகூட உடையல.
பை விரிஞ்சுச்சு.
விரிஞ்சதுதான்..."
பின்னால் குக்கர் விசிலடித்தது.
"இருங்க, அணைச்சிட்டு வாரேன்."

வந்தார்.
"வண்டி இன்னும் அவுக பேர்லயா இருக்கு
உங்க கம்ப்யூட்டர்ல?"
ஆமாம் என்றேன்.
"சரி, இருக்கட்டும்."

திரையில் நான்கு பதில்கள்:
வேலை முடிந்தது.
வண்டி விற்கப்பட்டது.
வண்டி உடைக்கப்பட்டது.
உரிமையாளரைத் தொடர்புகொள்ள இயலவில்லை.
ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பெயர் வரும்.

நாலாவதைத் தொட்டேன். பொய்யில்லை அது.

கீழே குறிப்புக்கு ஒரு கட்டம்.
இதுவரை யாரும் அதில் எழுதிப் பார்த்ததில்லை.
திருமயம், வளைவு, ஆவணி,
கடிதம் வர ஏழு மாதம் முன்னால்,
சின்ன இடி, லைட்டுகூட உடையவில்லை
என்று தமிழில் அடித்தேன்.
அறுபத்து மூன்று நாட்டுக் கணினி
அதை வாங்கிக்கொண்டு
வரிசையாகக் கேள்விக்குறி போட்டுக் காட்டியது,
எழுத்துக்கு ஒன்றாய்,
மூன்று வரி நீளத்துக்கு.

திருத்தவில்லை.
அப்படியே அனுப்பினேன்.

முப்பது, கோட்டையூர்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.