ஒரே மடக்கில் கொள்ளாது

ஃபேர்லாண்ட்ஸ் ஸ்கேன் சென்டர், இரவு இரண்டு மணி.
அர்த்தநாரியின் முதுகெலும்பை
டிஸ்க்கில் எழுதச் சொல்லியிருக்கிறேன்,
ஒரே கோரிக்கையாக, நாலு எம்பி.

டிஸ்க்குக்கு ஒரு மடக்கில் அரை எம்பிதான் இறங்கும்.
கர்னல் அதற்காக முகம் சுளிப்பதில்லை.
செக்டர் விளிம்பு பார்த்து
எட்டாக நறுக்கி வரிசையில் விடுகிறது.

மீதியை எண்ணிக்கொண்டு
தாய்க் கோரிக்கை வாசலிலேயே நிற்கிறது.
முந்திப் போனது முந்தி வரும் என்றில்லை.
ஏழு. ஆறு. மூன்று.
ஒன்று.

அந்த ஒன்று வரவில்லை.
ஒரு துண்டு கெட்டால்
முழுதும் கெட்டதென்றே மேலே பதில் போகும்.

நேற்று ஏற்காட்டிலிருந்து இவர் இறக்கியது
சில்வர் ஓக், முப்பதடி.
அறுத்தா விலை போகாதுன்னாராம்
எஸ்டேட் மேனேஜர்.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
மரம் திரும்பவில்லை.
லாரி திரும்பியது,
பள்ளத்தைப் பார்த்து.

டிஸ்க் இன்னொரு முறை முயல்கிறது.
கண்ணாடிக்கு அப்பால் பாவாயி,
அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு.

பூஜ்யம்.

"முழுசா வந்துருச்சுங்களா?"

படம் முழுசா இருக்குதுங்க, என்றேன்.
முதுகைப் பற்றிக் காலையில் டாக்டர் சொல்வார்.